ஐந்து பேர், ஐயாயிரம் ரியோ

1863, ஜனவரி 31. எடோ நகரம். இன்றைக்கு நாம் டோக்கியோ என்று சொல்லும் அதே ஊர். நள்ளிரவு.

ஷினகாவா பக்கத்தில் கோதென்யமா என்று ஒரு குன்று. அதன்மேல் பிரிட்டிஷ் தூதரகத்துக்காகப் புத்தம்புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. குடியேற வேண்டியதுதான் பாக்கி. சில இளைஞர்கள் சத்தம் போடாமல் குன்றேறினார்கள். சுற்றிலும் மரவேலி. அதை அறுப்பதற்கு முன்யோசனையாக ஒரு ரம்பம் வாங்கி வந்திருந்தார் ஒருவர். பெயர் இட்டோ. வயது 21. வேலியை அறுத்தார்கள். உள்ளே புகுந்தார்கள். நெருப்பு வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். கட்டடம் சாம்பல்.

ஐந்தே மாதம் போனது. அதே இட்டோ, அவரோடு சேர்ந்து தீ வைத்த இனோவே, யமாவோ, இன்னும் இரண்டு நண்பர்கள். மொத்தம் ஐந்து பேர். யோகஹாமா துறைமுகத்தில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறினார்கள். போய்ச்சேர வேண்டிய இடம் லண்டன்.

எதற்கு? படிக்க!

எந்த நாட்டுக்குப் படிக்கப் போகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தைக் கொளுத்திவிட்டுக் கிளம்புவதைவிட மோசமான முன்தயாரிப்பு இருக்க முடியாது. இன்றைக்கு அந்த வாசலில் க்யூவில் நிற்கும்போது கொஞ்சம் சத்தமாகத் தும்மினாலே நம் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் என்னென்ன ஏற்பாடு தேவை என்று இப்போது எந்த வீட்டில் கேட்டாலும் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். என்ன படிப்பது, எங்கே படிப்பது என்ற முடிவு. பாஸ்போர்ட். ஆங்கிலப் பரீட்சை. பேங்க் லோன், அதற்கு ஒரு ஜாமீன். விசா. டிக்கெட். தங்க ஒரு இடம். கடைசியில் ஊறுகாய் பாட்டில். இந்தப் பட்டியலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து பேரையும் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஊறுகாய் தவிர மற்ற எல்லாம் அவர்களுக்கும் தேவைப்பட்டது. கூடவே இன்னொன்றும். தலை.

ஆமாம். மாட்டினால் தலை போய்விடும். அதுதான் அன்றைய ஜப்பானின் சட்டம்.

1635ல் ஷோகன் அரசாங்கம் போட்ட உத்தரவு அது. ஜப்பானியர் யாரும் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. போனால் மரண தண்டனை. போய்விட்டுத் திரும்பி வந்தாலும் மரண தண்டனை. கிறிஸ்தவ மதம் உள்ளே வந்துவிடும் என்கிற பயம். தன் கட்டுப்பாட்டில் இல்லாத நிலப்பிரபுக்கள் வெளிநாட்டு வியாபாரத்தில் கொழுத்துவிடுவார்கள் என்கிற பயம். ஆக, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. நாகசாகியில் டச்சுக்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மட்டும் ஒரு சின்ன ஜன்னல்.

1853ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி, புகை கக்கும் போர்க்கப்பல்களோடு வந்து அந்தக் கதவைத் தட்டினார். தட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடுத்த சில வருடங்களில் துறைமுகங்கள் திறந்தன. வெள்ளைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஆனால் ஜப்பானியர்கள் வெளியே போவதற்கான தடை? அது அப்படியே இருந்தது. அரசாங்கம் தானாகப் பார்த்து ஆள் அனுப்பினால் சரி. 1862ல் ஹாலந்துக்கு அப்படி ஒரு மாணவர் கூட்டத்தை அனுப்பவும் செய்தார்கள். மற்றபடி யாராவது தன் இஷ்டத்துக்குக் கிளம்பினால் கழுத்துக்குக் கத்திதான்.

நம் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வரலாம். 1888ல் காந்தி லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கக் கிளம்பியபோது, கடல் தாண்டக்கூடாது என்று சொல்லி அவரைச் சாதியை விட்டே தள்ளிவைத்தார்கள். அதுவே பெரிய விஷயம்தான். இங்கே உலகத்தை விட்டே தள்ளிவைப்பார்கள்.

இந்தச் சட்டம் வெறும் காகிதம் இல்லை என்பது இட்டோவுக்கு நன்றாகவே தெரியும். அவருடைய குருநாதர் யோஷிடா ஷோயின். 1854ல் ஷிமோடா துறைமுகத்தில், ராத்திரி நேரத்தில், ஒரு சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு பெர்ரியின் கப்பல்வரை போய் ஏறிவிட்டவர். என்னையும் அழைத்துப் போங்கள், உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அமெரிக்கர்கள் மறுத்துவிட்டார்கள். ஷோயின் கரைக்கு வந்து தானே சரணடைந்தார். சிறை. அப்புறம் வீட்டுக்காவல். அந்தக் காவலில் இருந்தபடியே ஒரு சின்னக் கொட்டகையில் பாடம் நடத்தினார். 1859ல் வேறொரு சதி வழக்கில் அவருடைய தலையை வெட்டினார்கள். உடலை வாங்கி அடக்கம் செய்யப் போனவர்களில் 18 வயது இட்டோவும் ஒருவர்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன்?

ஐந்து பேரும் சோஷு என்கிற சமஸ்தானத்துக்காரர்கள். ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் மேற்குக் கோடியில், இன்றைய யமகுச்சி மாநிலம். சோஷுவில் அப்போது ஒரே ஒரு கோஷம்தான். அந்நியனைத் துரத்து! தூதரகத்துக்குத் தீ வைத்ததும் அந்த வெறியில்தான். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. அடுத்த சில நாட்களிலேயே, சக்கரவர்த்தியைப் பதவியிறக்குவதற்கு முன்னுதாரணம் தேடுகிறார் என்று ஒரு வதந்தியை நம்பி, ஹனவா என்ற அறிஞரை இட்டோவும் யமாவோவும் வெட்டிக் கொன்றார்கள். பின்னாளில் ஒருவர் பிரதமர், இன்னொருவர் தொழில்நுட்பக் கல்வியின் தந்தை. சரித்திரத்தில் சில பேருடைய பழைய பக்கங்களைப் புரட்டினால் கொஞ்சம் ரத்தம் ஒட்டத்தான் செய்யும்.

இந்தக் கூட்டத்தில் முதலில் யோசிக்க ஆரம்பித்தவர் இனோவே கவோரு. 27 வயது. கட்டடத்தைக் கொளுத்தினோம். சரி, அவன் கப்பலோடு வந்தால்? நம்மிடம் கப்பல் இல்லை. கப்பல் வாங்கினாலும் ஓட்டத் தெரியாது. ஓட்டக் கற்றுக்கொண்டாலும் செய்யத் தெரியாது. எதிரியை அடிக்கவேண்டும் என்றால் எதிரியின் வித்தை தெரியவேண்டும். அதை எதிரியின் வீட்டுக்கே போய்த்தான் கற்க முடியும்.

கவனியுங்கள். பிரிட்டன் மீது காதல் வந்து கிளம்பவில்லை. பிரிட்டனை அடிப்பதற்குப் பிரிட்டனிலேயே டியூஷன்! அதுதான் அவர்களுடைய படிப்பின் நோக்கம். இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் நோக்க அறிக்கையில் இதை எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நோக்கம் முடிவாகிவிட்டது. அடுத்தது அனுமதி.

ஷோகனிடம் கேட்க முடியாது. ஆனால் சமஸ்தானத்துப் பிரபுவிடம் ஜாடைமாடையாகக் கேட்கலாம். சோஷு பிரபு மோரி தகாச்சிகா. அவருடைய மூத்த அதிகாரி சுஃபு மசனோசுகே விவரமான ஆள். இப்போது சண்டை வந்தாலும், பின்னால் ஒருநாள் இந்த நாடுகளோடு பழகித்தான் ஆகவேண்டும். அப்போது அவர்களைத் தெரிந்த ஆள் நம் கையில் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பிரபு ஐந்து வருட விடுப்பு கொடுத்தார். பகிரங்கமாக அல்ல. மாட்டிக்கொண்டால் எனக்குத் தெரியாது என்கிற வகையறா அனுமதி. முதலில் மூன்று பேருக்கு. இனோவே, யமாவோ, நோமுரா. நோமுராவுக்கு வயது 19. கூட்டத்திலேயே குட்டி அவர்தான். அப்புறம் இட்டோவும், எண்டோ கின்சுகேவும் ஒட்டிக்கொண்டார்கள்.

அடுத்து, பணம். இங்கேதான் என்னைப் போன்ற பி.காம். பேர்வழிகள் நிமிர்ந்து உட்காருவோம்.

பிரபு கொடுத்தது ஆளுக்கு 200 ரியோ. மூன்று பேருக்கும் சேர்த்து 600. ரியோ என்பது தங்கக் காசு. பழைய காலத்துக் கணக்குப்படி ஒரு ரியோ என்றால் ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடுகிற அரிசி. 1860களில் விலைவாசி ஏறி அந்தக் கணக்கு கெட்டுப்போய்விட்டது என்றாலும் 600 ரியோ சின்னத் தொகை இல்லை. போதும் என்றுதான் நினைத்தார்கள்.

யோகஹாமாவில் விசாரித்தார்கள். கப்பல், சாப்பாடு, லண்டனில் தங்குவது, படிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,000 ரியோ வேண்டும் என்றார்கள். ஐந்து பேருக்கு 5,000! கையில் இருப்பது 600.

பள்ளம் 4,400 ரியோ. வழக்கமாக இந்த இடத்தில்தான் கனவுகள் மூட்டை கட்டப்படும்.

இவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். எடோவில் இருந்த சோஷு மாளிகையில், துப்பாக்கிகள் வாங்குவதற்காக 10,000 ரியோ ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமா? எடுக்க முடியாது. சமஸ்தானத்தின் சொத்து. ஆனால் அதைக் காட்டிக் கடன் வாங்கலாமே! மாளிகைப் பொறுப்பில் இருந்த முராடா சோரோகு என்பவரைப் பிடித்தார்கள். அவரும் மேற்கத்தியப் படிப்பு படித்தவர். மருத்துவர், ராணுவ நிபுணர். அவர் ஜாமீன் நின்றார். சோஷுவோடு வியாபாரத் தொடர்பு உள்ள டைகோகுயா என்கிற கடைக்காரர் 5,000 ரியோ கொடுத்தார்.

அதாவது, துப்பாக்கிப் பணம் அடமானம். அதன்மேல் கல்விக்கடன்.

ஊருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார்கள். சொல்லாமல் இப்படிச் செய்துவிட்டோம், மன்னிக்க வேண்டும். ஆனால் எங்களை உயிருள்ள கருவிகளை வாங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தத்தில் ஒரு வாதம். கணக்குப் பாஷையில் சொன்னால், துப்பாக்கி ஒரு சொத்து. வாங்கிய நாளிலிருந்து தேய்மானம்தான். படித்த மனிதனும் சொத்துதான். என்ன, நாளாக நாளாக மதிப்பு ஏறும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு நூறு வருடம் கழித்துத்தான் அமெரிக்கப் பேராசிரியர்கள் இதை மனித மூலதனம் என்று பெயர் வைத்துப் பெரிய சித்தாந்தமாக்கினார்கள்.

* * *

அடுத்து ஏஜெண்ட்.

ஜார்டின் மதீசன் கம்பெனி. 1832ல் சீனாவின் காண்டன் நகரில் ஆரம்பித்து, சீனர்களுக்கு ஓபியம் விற்றே கொழுத்த கம்பெனி. யோகஹாமாவில் வெள்ளைக்காரர்களின் குடியிருப்பில் முதலாம் நம்பர் மனை அவர்களுடையது. அதன் மேனேஜர் கோவர் என்பவரிடம்தான் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? ஐந்து டிக்கெட் விற்பதில் ஒன்றும் கிடையாது. பிடிபட்டால் ஷோகன் அரசாங்கத்தோடு வம்பு. ஆனால் வியாபாரி நாளைக்கு வரப்போகும் வாடிக்கையாளரை இன்றைக்கே முகம் பார்த்துவிடுவான். துப்பாக்கி, கப்பல், இயந்திரம் என்று எதிர்காலத்தில் ஜப்பான் வாங்கப்போகும்போது, யார் முகம் அவர்களுக்கு ஞாபகம் வரும்?

கிளம்பும் நாள் வந்தது. 1863, ஜூன் 27. சாமுராய்கள் உச்சந்தலையில் முடிந்து வைத்திருப்பார்கள் அல்லவா, ஒரு குடுமி? அதை வெட்டி எறிந்தார்கள். நமக்கு இது சலூன் சமாசாரம். அவர்களுக்கு அப்படி இல்லை. குடுமியும் இரண்டு வாளும்தான் சாமுராய்க்கு அடையாளம். குடுமி போனால் மானம் போனதற்குச் சமம். வெள்ளைக்காரர்களின் பழைய துணிகளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பூட்ஸ் காலுக்குச் சேரவில்லை.

இருட்டியதும் கப்பலில் ஏறினார்கள். காவல்காரர்கள் சோதனைக்கு வந்தால்? நிலக்கரி கொட்டி வைக்கும் அறையில் பதுங்கிக் கொண்டார்கள். கப்பல் கடலைத் தொட்ட பிறகுதான் வெளியே வந்தார்கள்.

ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் பிரிட்டனுக்குக் கிளம்புவதற்கு இரண்டே நாள் முன்னால், ஜூன் 25 அன்று, இவர்களுடைய சோஷு சமஸ்தானம் ஷிமோனோசெகி ஜலசந்தி வழியாகப் போன அமெரிக்கக் கப்பல் ஒன்றின் மீது குண்டு வீசிவிட்டது. அதாவது, ஒரே நிர்வாகம் ஒரு கையால் அந்நியர்கள்மீது யுத்தம் தொடங்குகிறது. இன்னொரு கையால் ஐந்து பிள்ளைகளை அவர்களிடமே படிக்க அனுப்புகிறது.

* * *

பட்டியலில் மிச்சம் இருப்பது மொழி.

அதுவரை ஜப்பானில் மேல்நாட்டுப் படிப்பு என்றால் டச்சு மொழி. 1859ல் ஃபுகுசாவா யுகிச்சி என்ற இளைஞர், பல வருடம் கஷ்டப்பட்டுக் கற்ற டச்சு மொழியோடு யோகஹாமாவுக்குப் போனார். கடைப் பலகைகூடப் படிக்கத் தெரியவில்லை. எல்லாம் ஆங்கிலம்! நொந்துபோய்த் திரும்பியவர், மறுநாளே ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தார். பின்னாளில் ஜப்பானின் மாபெரும் கல்வியாளர் ஆன அதே ஃபுகுசாவாதான்.

நம் ஐந்து பேரில் நோமுராவுக்கு மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். இட்டோவின் கையில் ஓர் ஆங்கில-ஜப்பானிய அகராதி. 1862ல் எடோவில் அச்சானது. அவ்வளவுதான் மொழித் தயாரிப்பு.

விளைவு ஷாங்காயில் தெரிந்தது. ஷாங்காய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் கூட்டத்தைப் பார்த்ததுமே இனோவேக்குப் பேச்சு வரவில்லை. அந்நியனைத் துரத்துவதாவது, மண்ணாவது. இது ஆகிற காரியமில்லை என்று அங்கேயே மனம் மாறிவிட்டது. ஜப்பானை விட்டு முழுசாகச் சில நாட்கள்கூட ஆகவில்லை, படிப்பின் நோக்கம் காலி!

அங்கே கம்பெனி அதிகாரி கேட்டார். லண்டனில் என்ன படிக்கப் போகிறீர்கள்?

கடற்படை என்று சொல்ல வேண்டும். இனோவேக்கு அந்த ஆங்கில வார்த்தை வரவில்லை. தெரிந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். நேவிகேஷன்.

ஓஹோ, கப்பல் ஓட்டக் கற்க வேண்டுமா? பேஷாகச் செய்யலாம் என்று அவர் ஏற்பாடு செய்துவிட்டார். இட்டோவும் இனோவேயும் பெகாசஸ் என்கிற பாய்மரக் கப்பலில். மற்ற மூவர் ஒயிட் ஆடர் என்கிற இன்னொரு கப்பலில். பயணிகளாக அல்ல. பயிற்சி மாலுமிகளாக! டெக் கழுவு, பாயை இழு, பம்பு அடி. முழுசாகக் காசு கட்டியவர்களுக்கு இந்தக் கதி. சாப்பிட, கல் மாதிரி பிஸ்கட்டும் உப்புக்கண்டமும்.

சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது. அது 1869ல்தான் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதப் பயணம். இட்டோவுக்கு வயிற்றுப்போக்கு வேறு. அந்தக் கப்பலில் மாலுமிகளுக்குக் கழிப்பறை என்று ஒன்று கிடையாது. விளிம்பில் தொங்கிக்கொண்டுதான் காரியத்தை முடிக்க வேண்டும். புயலில் கடலுக்குள் போய்விடாமல் இருக்க, இட்டோவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கப்பலில் கட்டி வைத்தார் இனோவே. ஜப்பானின் முதல் பிரதமர் அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வார்த்தை. அதற்கு இத்தனை விலை. ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுப் புலம்புகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

* * *

நவம்பர் 4. பெகாசஸ் லண்டனுக்கு வந்து சேர்ந்தது.

தங்க இடம், படிக்க இடம் இரண்டையும் ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஹ்யூ மதீசன். கம்பெனியின் லண்டன் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அவர் இவர்களை அழைத்துப்போய் விட்ட இடம், லண்டன் யுனிவர்சிடி காலேஜ். பேராசிரியர் அலெக்சாண்டர் வில்லியம்சன். வேதியியல்காரர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது, ஒரு கை சரியாக இயங்காது. ஆனால் மனம் ரொம்பப் பெரிசு. ஐந்து பேரில் மூன்று பேரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக் கொண்டார். மற்ற இருவருக்குக் கல்லூரிக்கு அருகில் கோவர் தெருவில் ஓர் ஓவியரின் வீட்டில் இடம் கிடைத்தது.

ஏன் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இல்லை? அவை இரண்டும் அன்று இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்டைகள். யுனிவர்சிடி காலேஜ் 1826ல் ஆரம்பிக்கப்பட்டபோதே, மதம் என்ன என்று கேட்கமாட்டோம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். யூதர்கள் வந்தார்கள், மற்ற பிரிவுக் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். ஜப்பானியர்களுக்கும் அந்தக் கதவுதான் திறந்திருந்தது.

வேதியியல் சோதனைக்கூடத்தில் வேலை. மற்ற நேரத்தில் ஆங்கிலம். விடுமுறையில் கப்பல் பட்டறை, ஆயுதத் தொழிற்சாலை என்று சுற்றல். 1864 ஜனவரியில் இங்கிலாந்து வங்கிக்குக்கூடப் போய், பணம் எப்படி அச்சாகிறது என்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் 1864 வசந்தத்தில் பத்திரிகையில் அந்தச் செய்தி. சோஷு சமஸ்தானம் வெளிநாட்டுக் கப்பல்களைச் சுட்டதற்குப் பதிலடி கொடுக்க வல்லரசுகள் தயாராகின்றன.

ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இது ஜெயிக்க முடியாத சண்டை. ஆனால் எல்லோரும் போனால்? வழியிலேயே கொன்றுவிட்டால் படிப்பு மொத்தமும் வீண். போட்ட முதல் அத்தனையும் போய்விடும். ஆகவே இட்டோவும் இனோவேயும் திரும்பிப் போவது. மற்ற மூவர் தங்கிப் படிப்பது.

இருவரும் ஜூலையில் யோகஹாமாவில் இறங்கினார்கள். அங்கே இருந்த ஓட்டலில் போர்ச்சுக்கீசியர்கள் என்று சொல்லித் தங்கினார்கள். பிரிட்டிஷ் தூதர் ஆல்காக்கைப் பார்த்து, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், எங்கள் ஆட்களிடம் பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். எந்தத் தூதரகத்தைக் கொளுத்தினார்களோ அதே தூதரகத்தின் தலைவரிடம்! அவரும் ஒப்புக்கொண்டு, பிரிட்டிஷ் போர்க்கப்பலிலேயே அவர்களை அனுப்பி வைத்தார்.

ஊரில் யார் கேட்டார்கள்? ம்ஹும். செப்டம்பரில் நாலு நாட்டுக் கப்பல்கள், மொத்தம் 17, ஷிமோனோசெகியில் குண்டு மழை பொழிந்தன. சோஷுவின் பீரங்கி மேடைகள் நொறுங்கின. சமாதானம் பேசப் போனபோது கூடப் போய் மொழிபெயர்த்தவர்கள் யார்? அந்த இருவர்தான். நஷ்டஈடு 30 லட்சம் டாலர் என்று முடிவாயிற்று. ஐந்து பேரின் கல்விக்கு ஆன 5,000 ரியோ கடனை இந்த 30 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்காததன் செலவு புரியும்.

அக்டோபரில் சமாதானத்தை எதிர்த்த கோஷ்டி, இருட்டில் இனோவேயை மடக்கி வாளால் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டது. வலி தாங்காமல், என்னைக் கொன்றுவிடு என்று அண்ணனிடம் கெஞ்சினார். தாயார் குறுக்கே விழுந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டார். மருத்துவர் ஒருவர் சுமார் ஐம்பது தையல் போட்டுப் பிழைக்க வைத்தார்.

* * *

லண்டனில் தங்கிய மூவர் கதை இதற்குச் சளைத்ததில்லை. ஊரில் யுத்தம் என்றால் பணம் எப்படி வரும்? எண்டோ உடம்பு சரியில்லாமல் 1866ல் திரும்பிவிட்டார். 1865ல் சோஷுவிலிருந்து அடுத்ததாக வந்த மாணவர்களில் யமசாகி என்ற இளைஞருக்குப் பணமுடை, அரைகுறைச் சாப்பாடு, லண்டன் குளிர் எல்லாம் சேர்ந்து காசநோய். 1866ல், 22 வயதில் இறந்துபோனார். வில்லியம்சன் தம்பதிதான் கடைசிவரை பார்த்துக்கொண்டார்கள். லண்டனுக்கு வெளியே புரூக்வுட் மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்பின் ஐந்தொகையில் இந்தப் பக்கமும் உண்டு. யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

யமாவோவுக்குக் கப்பல் கட்டக் கற்க வேண்டும். அதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போகவேண்டும். ரயிலுக்குக்கூடக் காசு இல்லை. அப்போது லண்டனில் சத்சுமா சமஸ்தானத்து மாணவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் 1865ல் சட்டத்தை மீறி வந்தவர்களே. ஆனால் சத்சுமாவும் சோஷுவும் பரம வைரிகள். 1864ல் கியோட்டோ தெருக்களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள். யமாவோ வெட்கத்தை விட்டு அவர்களிடம் போய்க் கேட்டார். ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு 16 பவுண்டு கொடுத்தார்கள்.

ஊரில் வெட்டிக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்கள், அந்நிய தேசத்தில் ஒருவருக்கொருவர் வெறும் ஜப்பானியர்களாகத் தெரிந்தார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் இது.

யமாவோ கிளாஸ்கோவில் பகலில் நேப்பியர் கப்பல் பட்டறையில் தொழிலாளி. இரவில் ஆண்டர்சன் கல்லூரியில் மாணவர். பட்டறையில் காது கேளாத தொழிலாளிகள் கைஜாடையில் பேசிக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்வதைப் பார்த்தார். அதை மறக்கவில்லை. பிற்பாடு டோக்கியோவில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி உருவாக முன்னின்று உழைத்தார்.

ஷோகன் அரசாங்கம் 1866ல் அந்தப் பழைய தடையை நீக்கியது. வெளிநாடு போகலாம், பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போ என்றது. 1868ல் ஷோகன் ஆட்சியே போய்விட்டது. யமாவோவும் நோமுராவும் அந்த வருடக் கடைசியில் ஊர் திரும்பியபோது தலையை வாங்க யாரும் காத்திருக்கவில்லை. வேலை கொடுக்கத்தான் காத்திருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இனோவே மசாரு என்று பெயர் மாறிய நோமுரா, ஜப்பானின் ரயில்வேயை உருவாக்கினார். 1872ல் டோக்கியோவுக்கும் யோகஹாமாவுக்கும் நடுவே முதல் ரயில் ஓடியது. எண்டோ, ஒசாகா நாணயச் சாலையின் தலைவர். யமாவோ, பொறியியல் கல்லூரிக்கு அஸ்திவாரம் போட்டார். இனோவே கவோரு, 1885ல் வெளியுறவு அமைச்சர். அதே வருடம் இட்டோ ஹிரோபுமி ஜப்பானின் முதல் பிரதமர்.

கணக்கு என்றால் பற்று, வரவு இரண்டும் எழுத வேண்டும். லண்டனில் இட்டோ கற்றுக்கொண்டது ரயிலும் பார்லிமெண்டும் மட்டுமல்ல. வலியவன் எளியவனை எப்படி நடத்துகிறான் என்பதையும்தான். 1905க்குப் பிறகு கொரியாவை ஜப்பானின் பிடிக்குள் கொண்டுவந்து அங்கே அதிகாரியாக உட்கார்ந்தவர் அவர். 1909ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங்-குன் என்ற கொரியர் அவரைச் சுட்டுக் கொன்றார். பெர்ரி ஜப்பானின் கதவைத் தட்டியதுபோலவே ஜப்பான் கொரியாவின் கதவைத் தட்டியிருந்தது.

யுனிவர்சிடி காலேஜ் வளாகத்தில் 1993ல் இந்த மாணவர்களுக்காக ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். சோஷுக்காரர்களின் பெயர்களும் சத்சுமாக்காரர்களின் பெயர்களும் ஒரே கல்லில் இருக்கின்றன.

முன்தயாரிப்பு என்று பார்த்தால், அந்த ஐந்து பேர் செய்தது அத்தனையும் தப்பு. நோக்கம் ஷாங்காயிலேயே கலைந்தது. மொழி, ஒரே வார்த்தையில் காலை வாரியது. பணம் பாதியில் நின்றது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் முழுத் தயாரிப்போடு போனார்கள். பார்த்தது தன் பழைய நம்பிக்கைக்கு நேர் எதிராக இருந்தபோது, கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, உயிர் போனாலும் சரி என்று அதைச் சொன்னார்கள்.

டைகோகுயா கடைக்காரர் கொடுத்த 5,000 ரியோவுக்கு வட்டி அதுதான்.